மூன்று பாத்தி சிக்கரி

அக்டோபர் 14, தாளவாடி

பாத்திகளை அளந்து கயிறு கட்டி, வரிசைக்கு ஒரு சொட்டுநீர்க் குழாயும் போட்டாயிற்று. மூன்று பாத்தி, மூன்று சிக்கரி ரகம். கிழக்கே ஒன்றாம் எண், நடுவில் இரண்டு, மேற்கே மூன்று. ஐந்து மாதம் கழித்துக் கிழங்கைத் தோண்டி, எது எடை கூட, எது நேராக இறங்கியிருக்கிறது, வறுத்து அரைத்தால் எது காபித் தூளோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, ஒரே ஒரு எண்ணைக் கம்பெனிக்கு எழுதவேண்டியது என் வேலை. அடுத்த பட்டத்தில் இந்த மலையில் அறுபது விவசாயிகள் அந்த ஒன்றைத்தான் இருநூறு ஏக்கரில் விதைப்பார்கள். இதுவரை கம்பெனி சிக்கரியை வடக்கேயிருந்துதான் தருவித்து வந்தது.

நிலம் துளசிமணி அம்மாளுடையது. அவர் கணவர் முட்டைக்கோஸ் லாரியோடு மைசூருக்குப் போனால் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வீடு. காட்டு வேலை முழுக்க இந்த அம்மாள் கையில். பார்த்ததும் என் செருப்பைக் காட்டி, "இதைப் போட்டுட்டு செம்மண்ணுல நடந்தீங்கன்னா ஒரு வாரத்துல வாரு அறுந்து போகுமுங்க" என்றார். ஐந்தாம் நாள் அறுந்தது என்று எழுதத் தயாராக இருக்கிறேன்.

இந்த வேலை நானே கேட்டு வாங்கியது. பத்தொன்பது வருடம் கோவை ஆலையில் டேஸ்டர். தினம் நாற்பது கோப்பை உறிஞ்சித் துப்பி, எந்தக் கொட்டை எந்தத் தூளில் போகவேண்டும் என்று சொன்னவன். கொஞ்சம் வெளிக்காற்று வேண்டும் என்றேன். முதலாளி யசோதா மேடம் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்றார். என் மனைவி சுலோசனா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அக்டோபர் 19

விதைப்பு. விதை கேழ்வரகில் பாதிகூட இல்லை. மணலோடு கலந்து, கோடு கிழித்து வரிசையாகத் தூவினார்கள். பெண்கள் ஏழு பேர். அவர்களில் மாதேவி என்பவள்தான் வாய்.

தொடங்குமுன் கம்பெனி கொடுத்த தாளை உரக்கப் படித்தேன். நேரடி விதைப்பு. முப்பதாம் நாளுக்கு மேல், நெருக்கமாக முளைத்த செடிகளைப் பிடுங்கி, சாணுக்கு ஒன்று விடவேண்டும்; இதற்குச் செடி கலைப்பு என்று பெயர். தாளில் சொல்லாத எதையும் செய்யக்கூடாது. மீறினால் அந்த நிலம் ஒப்பந்தப் பட்டியலில் சேராது. ஏன் எதற்கு என்று தாளில் இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்பது ஒரு காரணம்.

விதைப் பொட்டலத்துப் படத்தைப் பார்த்து மாதேவி பெயர் வைத்துவிட்டாள். ஒன்றாம் எண் நெட்டையன். இரண்டாம் எண் குட்டையன். மூன்றாவதற்குப் படம் இல்லை, ஆகவே பேரில்லாதவன். என் பதிவேட்டில் எண்கள்தான் இருக்கும்.

செருப்பு வார் அறுந்தது.

அக்டோபர் 31

முளைப்பு எண்ணினேன். நூற்றுக்கு: ஒன்று 58, இரண்டு 91, மூன்று 84. நெட்டையன் விதை பழசு போலிருக்கிறது. ஒன்றாம் பாத்தியில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள்.

சுலோசனா பருப்புப் பொடி கொடுத்தனுப்பியிருந்தாள். எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 8

பக்கத்துக் காட்டுக்குக் கோழி எரு லாரி வந்து கொட்டியது. பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெற்கு வரப்புக்கு ஓடிவிட்டார்கள். நான் இலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங் சார், உங்களுக்கு நாறலீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார் துளசிமணி.

"பழகிவிட்டது" என்றேன். என் வாழ்நாளில் கோழி எருப் பக்கம் போனது இன்றுதான்.

நவம்பர் 22

பல் வலி. கோவைக்குப் போய் வந்தேன். செடி கலைப்பு நடந்தது. பதிவேட்டில் "உடனிருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நவம்பர் 25

ஒன்றாம் பாத்தி நிறைந்து நிற்கிறது. இடைவெளியே இல்லை. மழை பெய்ததில் தாமதமாக முளைத்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன். இப்படி ஒழுங்காக நிற்கும் செடிகளைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆலையில் எல்லாம் கோப்பைக்குள் முடிந்துவிடும், துப்பினால் தீர்ந்தது. இது நிற்கிறது.

டிசம்பர் 17

பனி. ஒன்றும் இல்லை.

ஜனவரி 9

பேரில்லாதவன் பூத்துவிட்டான். இடுப்பு உயரத் தண்டு, நீலப் பூ. பார்க்க அழகு. ஆனால் முதல் பருவத்திலேயே பூத்தால் கிழங்கு மரக்கட்டையாகிவிடும். மூன்றாம் எண் போட்டியில் இல்லை. இனி ஒன்றா இரண்டா என்பதுதான் கேள்வி.

"பூவுக்காவது வெச்சுக்கலாமுங்களே" என்றார் துளசிமணி. வெட்டி மாட்டுக்குப் போடச் சொன்னேன். மாடு ஆசையாகத் தின்றது. கசப்பு மாட்டுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

ஜனவரி 16

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். சுலோசனா சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டாள். உப்பு உறைப்பு எல்லாம் நாக்குக்கு இன்னும் தெரியும் என்பதால் அதைச் சரியாகச் சொல்லிவிட்டேன். "இந்த வாயை ஏமாத்த முடியுமா" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அன்று மாலையே கிளம்பித் தாளவாடிக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

காட்டுப்பன்றி இரண்டாம் பாத்தி ஓரத்தைக் கிளறியிருக்கிறது. நாலு கிழங்கு நஷ்டம். கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பிப் போயிருக்கிறது. அதற்கு என் வேலையைக் கொடுத்தால் நன்றாகச் செய்யும்.

மார்ச் 12

அறுவடை. கிழக்கு ஓரத்தில் மட்டும் இரண்டு பாத்தியிலும் பத்தடி விட்டுவைத்தேன், விதை பிடிக்கிறதா என்று பார்க்க.

இரண்டாம் எண்: கிழங்கு குட்டை, பருமன், பெரும்பாலும் நேர். சராசரி 290 கிராம்.

ஒன்றாம் எண்: ஏமாற்றம். பாதிக்குப் பாதி கவை விட்டுக் கிடக்கிறது. இரண்டு கால், மூன்று கால், ஒன்று உட்கார்ந்திருக்கும் தவளை போல. கவை விட்டால் இடுக்கில் மண் ஏறும், கழுவ முடியாது, சீவும் இயந்திரத்தில் சிக்கும். சராசரி 265. எல்லாம் கலந்து போட்ட கணக்கு.

ஆக, குட்டையன். துளசிமணி தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குட்டையன்னு எழுதிருவீங்களா சார்?" "அப்படித்தான் தெரிகிறது." "எதோ ஒண்ணு, எங்க காடு பட்டியல்ல இருந்தாப் போதுமுங்க. கோஸ் போட்டு நாலு வருசமா ஓட்டறதே பெரும்பாடா இருக்குது."

மார்ச் 19

சீவிக் காயவைத்த துண்டுகளை என் வாடகை அறையில் இரும்புச் சட்டியில் வறுத்தேன். கடிகாரம் பார்த்துப் பதினெட்டு நிமிடம் என்று கணக்கு. அறையில் வெளிச்சம் போதவில்லை, நிறம் சரியாகத் தெரியவில்லை.

துளசிமணி மீதித் துண்டுகளைப் பையில் கொண்டுவந்தவர் தெருவிலிருந்தே, "என்னங் சார், கரியுதுங்களே" என்று ஓடிவந்து சட்டியை இறக்கினார். அடியில் இருந்தது எல்லாம் கரி.

சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு மணமே தெரியறதில்லைங்களா?"

"சளி."

"கோழி எருக் கொட்டுனதுல இருந்தா சளி?"

அவர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

எழுதிவிடுகிறேன். போன ஜூனில் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் எழுந்து காபி குடித்தேன், வெந்நீர். அன்றிலிருந்து எதற்கும் மணம் இல்லை. இரண்டு மாதம் ஆலையில் நிறத்தையும் பழக்கத்தையும் வைத்து ஓட்டினேன். பிறகு பயந்துபோய் இந்தக் காட்டு வேலையைக் கேட்டேன். நவம்பர் 22 பல் வலி இல்லை. மூக்கு டாக்டர். நரம்பு விஷயம், வரலாம், வராமலும் போகலாம் என்றார். மூக்கில்லாத டேஸ்டர் என்று ஒரு வேலை உலகத்தில் கிடையாது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, வேறு எதுவும் தெரியாது.

மார்ச் 20

துளசிமணி காலையிலேயே வந்தார். அடுப்பைத் தானே பற்றவைத்தார். "நான் வறுக்கறனுங். நீங்க எழுதுங்க." கேட்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. பேனாவைத் தேடுவதாகப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

வறுத்த துண்டுகளை ஒவ்வொன்றாக மென்று பார்க்கச் சொன்னேன். முதலில் இரண்டாம் எண்.

"ஈரச் சாக்கை வெயில்ல போட்டா ஒரு வாசம் வருமே, அது. கசப்பு இருக்குது. வேற ஒண்ணுமில்லீங்க."

"மண் மணம், மட்டான சுவை" என்று எழுதினேன். அந்த மொழி எனக்குத் தெரியும்.

பிறகு ஒன்றாம் எண்.

"இது நல்லா இருக்குதுங்க. வெல்லப்பாகு கொஞ்சம் கூடக் கொதிச்சுப் போச்சுன்னா எப்படி இருக்கும், அப்படி. கசப்பு கடைசி வரைக்கும் நிக்குது." அடுத்த துண்டு. "இது அதில்லீங்களே. இது சாக்கு." அடுத்தது. "இதும் சாக்கு. இது மறுபடி வெல்லம். ஏனுங், இதெல்லாம் ஒரே பாத்திதானுங்களா?"

ஒரே பாத்திதான் என்றேன். பழக்கமில்லாத நாக்கு அப்படித்தான் குழம்பும் என்று அவருக்குச் சொல்லவும் செய்தேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப நாங்க நட்டதாத்தான் இருக்குமுங்க."

கலைப்பு அன்று நடந்ததைச் சொன்னார். குட்டையன் பாத்தியில் பிடுங்கியது நல்ல தழைவான நாற்று, கூடை கூடையாக. பக்கத்திலேயே நெட்டையன் பாத்தி பல் விழுந்து கிடந்தது. எடுத்து நட்டுவிட்டார்கள். ராகியோ கோஸோ எதுவானாலும் அப்படித்தான் செய்வார்கள். "பிடுங்குன நாத்தை வரப்புல எறியறதுக்கு எங்களுக்குக் கை வராதுங்க. நீங்களும் அன்னைக்கு இல்லீங்களே, கேக்கறதுக்கு."

கோவையில் விவசாயம் படித்த ஒருவருக்குப் போன் செய்தேன். சிக்கரியைப் பிடுங்கி நட்டால் ஆணிவேரின் நுனி முறிந்து கவை விடும் என்றார். அதனால்தான் நேரடி விதைப்பு, அதுகூடத் தெரியாமலா என்றார்.

ஆகவே ஒன்றாம் பாத்தியில் கவை விட்டதெல்லாம் நெட்டையனே இல்லை. நட்டுவைத்த குட்டையன்.

மார்ச் 21

நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம். குட்டையன் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் இல்லாதது தெரியாது. இவர்கள் நட்டது தெரியாது. துளசிமணி காடு பட்டியலில் சேரும். அறுபது பேர் குட்டையனை விதைப்பார்கள். அதுவும் விளையத்தான் செய்யும்.

மார்ச் 23

விட்டுவைத்த பத்தடியைத் தோண்டிப் பார்க்கலாம் என்றேன். எது விதைத்தது, எது நட்டது என்று எப்படிப் பிரிப்பது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மாதேவி சிரித்தாள்.

"நட்டதெல்லாம் குழாய்ப் பக்கம் ஒரு விரக்கடை தள்ளி இருக்கும் சாமி. தண்ணி சொட்டற எடத்துலதான நாத்து வெப்போம், இல்லாட்டி வாடிப் போவாதா?"

குனிந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. நான்கு மாதமாக இந்த வரிசையில் நடந்து இலை எண்ணியிருக்கிறேன்.

கோட்டில் நின்றதை ஒரு பக்கம், கோடு தள்ளி நின்றதை ஒரு பக்கம் போட்டோம். தள்ளி நின்றது பத்தொன்பது, பதினேழில் கவை. கோட்டில் நின்றது இருபத்தாறு, ஒன்றுகூடக் கவை இல்லை. முழங்கை நீளம், நேராக இறங்கியவை. சராசரி 410 கிராம். குட்டையனைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. துளசிமணி அதை மட்டும் தனியாக வறுத்து மென்றார். எல்லாத் துண்டும் வெல்லம் என்றார்.

ஐந்து மாதத்தில் நான் பார்த்த ஒரே உண்மையான கணக்கு இதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

துளசிமணி வரப்பில் உட்கார்ந்து கையில் ஒட்டியிருந்த கிழங்குப் பாலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "நெட்டையன்னு எழுதுனா, எதனால கணக்கு மாறுச்சுன்னு கேப்பாங்களில்லீங்க?"

"கேட்பார்கள்."

"நாங்க நட்டோம்னு சொன்னா எங்க காடு போச்சு."

"ஆமாம்."

"குட்டையன்னு எழுதுனா அறுவது காட்டுலயும் ஏக்கருக்கு மூணு டன் போச்சு." நான் போடுமுன் அவர் கணக்குப் போட்டுவிட்டார். பிறகு, "நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்" என்று எழுந்து போனார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2

நாளை கோவையில் கூட்டம். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நாற்றை நடச் சொன்னது நானே, காபி தெரிந்தவனுக்குக் காடு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். முட்டாள் என்று பெயர் வரும், வேலை போகாது. துளசிமணி காடும் தப்பும், நெட்டையனும் ஜெயிக்கும், மூக்கைப் பற்றி யாருக்கும் தெரியவேண்டாம். அறிக்கை நன்றாக வந்திருக்கிறது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 3, கோவை

யசோதா மேடம் அறிக்கையை முழுக்கப் படித்தார். "நடச் சொன்னீங்களா? நாகேந்திரன் சார், தாளிலேயே போட்டிருக்கே." "தவறுதான்." "சரி, பத்தடியாவது விட்டுவெச்சீங்களே, அது புண்ணியம். ஒண்ணாம் நம்பர்தான், முடிவு பண்ணிடலாம்." அவ்வளவுதான். முடிந்தது.

பிறகு மணி அடித்தார். ஆலையிலிருந்து மூன்று கோப்பை வந்தது. நான் அனுப்பிய கிழங்கை அங்கேயும் வறுத்து, காபித் தூளில் மூன்று விகிதத்தில் கலந்திருக்கிறார்கள். "எந்த விகிதம்னு நீங்க சொல்லுங்க. அதைத்தான் இந்த வருஷம் பாக்கெட்ல போடப்போறேன். மத்தவங்க நாக்கை நான் நம்பறதில்லை."

முதல் கோப்பையை உறிஞ்சினேன். சூடு, கசப்பு. இரண்டாவது, சூடு, கசப்பு. மூன்றாவதும். நடுவில் இருப்பதைச் சொன்னால் பெரும்பாலும் தப்பாது. பத்தொன்பது வருட அனுபவத்தில் அது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். மூன்று கோப்பையிலும் சாக்கா வெல்லமா என்று சொல்ல, எனக்காக அடுப்பைப் பற்றவைத்த துளசிமணி இங்கே இல்லை என்பதுதான் நினைவில் வந்தது.

"எனக்கு மணம் தெரியாது மேடம்" என்றேன். "ஜூனிலிருந்து."

நான் தொடர்ந்து சொன்னேன். காய்ச்சல், டாக்டர், கலைப்பு அன்று நான் காட்டில் இல்லை, உடனிருந்தேன் என்று கையெழுத்துப் போட்டது பொய்.

"அன்னைக்கு நீங்க அங்க இல்லேன்னா நடச் சொன்னது யார்?"

"முந்தின நாள் சொல்லிவிட்டுப் போனேன். இடைவெளி எங்கே என்று முளைப்பு எண்ணும்போதே தெரியும்."

என் கண்ணையே பார்த்தார். பிறகு அறிக்கையில் நான் நடச் சொன்னதாக இருந்த வரியின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அடிக்கவில்லை.

கோப்பைகளை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, "பத்து மாசம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 30

வேலையிலிருந்து விலகினேன். வீட்டில் பதிவேட்டுத் தவறு என்று சொல்லியிருக்கிறேன். சுலோசனா கம்பெனியைத் திட்டுகிறாள்.

ஜூன் 11

துளசிமணி போன் செய்தார்.

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சுங்க சார். மூணு ஏக்கர், நெட்டையன்." சந்தோஷம் என்றேன். "போடறதுக்கு முன்னாடி உங்க முதலாளியம்மாகிட்டச் சொல்லிப் போட்டனுங்க. நடச் சொன்னது சார் இல்லீங், நாங்களாத்தான் நட்டோம்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா? காடு போயிருந்தால்?"

"போயிருந்தாப் போகுதுங்க. வர்ற பட்டத்துல அறுவது காட்டுலயும் கலைக்கப் போறாங்க. எல்லாக் காட்டுலயும் எங்களாட்டப் பொம்பளைங்கதான் குனியப் போறாங்க. நடாதேன்னு சொன்னா மட்டும் நடாம இருப்பமுங்களா? நட்டா என்னாகும்னு நட்டவ சொன்னாத்தான் கேப்பாங்க. நீங்க சொன்னதா இருந்தா, ஆபீசருக்குத் தெரியலேன்னு சிரிச்சுப்போட்டு மறுபடி நடுவாங்க." பிறகு, "அந்தம்மா தாள்ல ஒரு வரி சேத்தியிருக்குதுங்க. பிடுங்குன நாத்தை அன்னைக்கே மாட்டுக்குப் போட்டரோணுமாம்" என்றார்.

"என்மேல் கோபமா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. எங்க தப்பை எதுக்கு நீங்க எடுத்துட்டுப் போறீங்க?"

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். இந்த விவகாரத்தில் நான் எனக்காகச் சொல்லாத பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் லேசாக இருந்தது.

சமையலறைக்குப் போனேன். சுலோசனா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயில் கடுகு வெடிப்பது காதில் கேட்டது. "வாசனை எப்படி?" என்று திரும்பாமலே கேட்டாள், தினமும் கேட்கிற மாதிரி.

"தெரியவில்லை" என்றேன். "ஒரு வருடமாக எனக்கு எதுவும் தெரியவில்லை, சுலோ."

அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துத் திரும்பி, "உட்காருங்க" என்றாள்.